ஜிப், ரார் கோப்புகளைத் திறப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணையத்திலிருந்து ஓர் எழுத்துருத் தொகுப்பையோ பாடக் குறிப்புகளையோ மென்பொருளையோ தரவிறக்கம் செய்கிறீர்கள். வந்து சேர்ந்த கோப்பின் பெயர் ஜிப் என்றோ ரார் என்றோ முடிகிறது. கிளிக் செய்தால் சில சமயம் திறக்கிறது. சில சமயம், இதை எந்த மென்பொருளைக் கொண்டு திறப்பது என்று கணினி நம்மிடமே திருப்பிக் கேட்கிறது. திறந்துவிட்டாலும் தொல்லை முடிவதில்லை. உள்ளே இருந்த ஆவணத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தம் செய்து சேமித்திருப்பீர்கள்; மறுநாள் பார்த்தால் திருத்தங்களைக் காணோம். மென்பொருளை நிறுவப் போனால், தேவையான கோப்பு ஒன்று இல்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது.

இந்தத் தொல்லைகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான். சுருக்கப்பட்ட கோப்பைத் திறந்து பார்ப்பது வேறு, அதற்குள் இருப்பதைப் பிரித்தெடுப்பது வேறு. விண்டோஸில் ஜிப் கோப்பை இருமுறை கிளிக் செய்தால் அது சாதாரண ஃபோல்டரைப் போலவே காட்சி தருவதால், பிரித்தாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் எதுவும் வெளியே வரவில்லை. முதலில் பிரித்தெடுப்பது, பிறகு பயன்படுத்துவது: இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும்.

அந்தக் கோப்பு என்ன வகை?

சுருக்கப்பட்ட கோப்பு என்பது ஒரு மூட்டை. நூறு கோப்புகளைத் தனித்தனியாக இறக்கவிடாமல் ஒன்றாகக் கட்டித் தருவது அதன் முதல் வேலை. கட்டியதன் கனத்தைக் குறைப்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வேலை எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு நடப்பதில்லை. ஒரே சொல்லும் ஒரே வரிசையும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துக் கோப்புகளும் அட்டவணைகளும் வெகுவாகச் சுருங்கும். ஜேபெக் படங்களும் எம்பி3 பாடல்களும் எம்பி4 காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மேலும் சுருங்க அவற்றில் இடமில்லை. எனவே 700 எம்பி காணொளி 698 எம்பி ஜிப்பாக வந்தால் அதில் கோளாறு எதுவும் இல்லை. பிரித்தெடுத்த பிறகு கிடைப்பது மூலக் கோப்புதான். ஓர் எழுத்துகூட, ஒரு புள்ளிகூடக் குறையாது.

பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளான எக்ஸ்டென்ஷன்தான் வகையைச் சொல்லும். மிகுதியாகக் காணப்படுவது ஜிப். 1989இல் ஃபில் காட்ஸ் உருவாக்கிப் பரப்பிய இந்த வடிவத்தை இன்று பெரும்பாலான கணினிகளும் செல்பேசிகளும் கூடுதல் மென்பொருள் இல்லாமலே திறக்கும். ரார், ரஷ்யப் பொறியாளர் யூஜின் ரோஷல் 1993இல் கொண்டுவந்தது; பெரிய தொகுப்புகளைத் துண்டு போட்டுத் தருபவர்கள் இதை விரும்புகிறார்கள். 7இசட் என்று முடிந்தால் அது இகோர் பாவ்லோவ் எழுதிய 7-ஜிப் மென்பொருளின் சொந்த வடிவம். டார் ஜிஇசட் என்று இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் அடுத்தடுத்து வந்தால் யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்திலிருந்து வந்தது என்று கொள்ளலாம். அங்கே கட்டும் வேலையை டாரும் சுருக்கும் வேலையை ஜிஇசட்டும் செய்கின்றன; அதனால்தான் சில மென்பொருள்களில் அதை இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்கிறது. முதல் முறை பிரித்ததும் உள்ளே இன்னொரு மூட்டை இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

விண்டோஸில் ஒரு வம்பு உண்டு. எக்ஸ்டென்ஷனை மறைத்து வைப்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. விண்டோஸ் 11 என்றால், ஏதேனும் ஒரு ஃபோல்டரைத் திறந்து மேலே உள்ள வியூ என்பதைக் கிளிக் செய்து, ஷோ என்பதற்குள் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் வியூ பட்டையிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒருமுறை செய்தால் போதும். புதிய கணினி வாங்கியதும் எவரும் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு இது என்பது என் கருத்து. ஏன் என்பது பின்னால் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது புரியும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேர்ட் ஆவணமான டாக்எக்ஸ், மின்னூல் வடிவமான இபப், ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பான ஏபிகே ஆகியவையும் உள்ளமைப்பில் ஜிப்தான். எப்போதாவது ஒரு வேர்ட் ஆவணம் ஜிப் என்ற பெயரோடு வந்து சேரும். அதைப் பிரித்தால் புரியாத சிறு கோப்புகளும் ஃபோல்டர்களும் கொட்டும். உள்ளே வேர்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் தெரிந்தால் பிரிக்காதீர்கள். எக்ஸ்டென்ஷனை மட்டும் டாக்எக்ஸ் என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

பிரிப்பதற்கு முன் ஒரு பார்வை

தரவிறக்கம் முழுமையாக முடிந்ததா என்று பாருங்கள். குரோம் உலாவியில் முடியாத கோப்பு சிஆர்டவுன்லோட் என்ற எக்ஸ்டென்ஷனோடும், ஃபயர்ஃபாக்ஸில் பார்ட் என்ற எக்ஸ்டென்ஷனோடும் இருக்கும். அவற்றின் பெயரை ஜிப் என்று மாற்றி ஏமாற்றிவிட முடியாது.

அடுத்து, கோப்பின் அளவு. தளத்தில் 80 எம்பி என்று போட்டிருக்கிறது, உங்களிடம் வந்திருப்பது 6 கேபி என்றால், வந்தது ஜிப்பே அல்ல. உள்நுழையச் சொல்லும் பக்கமோ பிழைப் பக்கமோ ஜிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். நோட்பேடில் அதைத் திறந்தால் வலைப்பக்கத்தின் நிரல் வரிகள் தெரியும். இந்த நிலையில் எத்தனை மென்பொருள்களை மாற்றிப் பார்த்தாலும் பயனில்லை. தளத்திற்குத் திரும்பிப் போய், உள்நுழைந்து, மறுபடி இறக்குவதே வழி.

இடமும் வேண்டும். பிரித்த பின் மூட்டையும் இருக்கும், அதிலிருந்து வந்தவையும் இருக்கும். 3 ஜிபி கோப்பு பிரிந்து 5 ஜிபி ஆகுமென்றால், அந்த 5 ஜிபி காலியாக இருக்க வேண்டும்.

விண்டோஸில்

ஜிப் கோப்புக்கு வேறெதுவும் நிறுவத் தேவையில்லை.

1. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கோப்பைக் கண்டுபிடியுங்கள். உலாவியின் தரவிறக்கப் பட்டியலிலேயே, கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் காட்டும் சிறு குறி இருக்கும்.
2. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, எக்ஸ்ட்ராக்ட் ஆல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. எங்கே பிரித்து வைப்பது என்று ஒரு பெட்டி கேட்கும். ஜிப்பின் பெயரிலேயே ஒரு புதிய ஃபோல்டரை அதுவாகவே எழுதியிருக்கும். பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடலாம்.
4. எக்ஸ்ட்ராக்ட் பொத்தானை அழுத்துங்கள். முடிந்ததும் புதிய ஃபோல்டர் திறக்கும். இனி வேலையெல்லாம் இந்த ஃபோல்டரில்தான்.

இப்போது ஒரே பெயரில் இரண்டு அடுத்தடுத்து நிற்கும்: ஒன்று ஜிப், மற்றொன்று பிரித்த ஃபோல்டர். ஜிப்பின் சின்னத்தில் ஒரு ஜிப்பர் படம் இருக்கும். எதற்குள் இருக்கிறோம் என்று குழம்பினால், மேலே உள்ள முகவரிப் பட்டையைப் பாருங்கள். அங்கே ஜிப் என்ற எழுத்துகள் தெரிந்தால் நீங்கள் இன்னும் மூட்டைக்குள்தான் இருக்கிறீர்கள்.

பிரிக்காமல் உள்ளிருந்தே ஆவணத்தைத் திறந்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த எச்சரிக்கை மனத்தில் நிற்கும். விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் நகல் எடுத்துத் திறக்கிறது. நீங்கள் சேமிப்பது அந்த நகலில். மூட்டைக்குள் இருக்கும் மூலம் மாறுவதில்லை. தற்காலிக நகலோ எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம். ஏற்கெனவே இப்படித் திருத்தங்களை இழந்திருந்தால், வேர்டில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலை உடனே பாருங்கள். நகல் இன்னும் அழியாமல் இருந்தால் அங்கிருந்து திறந்து வேறிடத்தில் சேமித்துக்கொள்ளலாம். நிறுவும் கோப்பு பாதியில் நிற்பதற்கும் இதுவே காரணம்: அது மட்டும் தற்காலிக ஃபோல்டருக்குப் போயிருக்கும், அதற்குத் துணையான மற்றக் கோப்புகள் மூட்டையிலேயே தங்கியிருக்கும்.

ரார், 7இசட், டார் வகைகளைத் திறக்கும் வசதி விண்டோஸ் 11க்கு 2023 இறுதியில் வந்த புதுப்பிப்பில் கிடைத்தது. அதற்கும் அதே எக்ஸ்ட்ராக்ட் ஆல்தான். ஆனால் பெரிய கோப்புகளில் மெதுவாக இருக்கிறது; கடவுச்சொல் போட்டவற்றுக்கு அதை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10இல் அந்த வசதியே இல்லை. ஆகவே ஒரு தனி மென்பொருளை வைத்துக்கொள்வது நல்லது.

எதை வைத்துக்கொள்வது?

7-ஜிப். முற்றிலும் இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரல் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. ஜிப், ரார், 7இசட், டார், ஐஎஸ்ஓ என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் திறக்கிறது. தோற்றம் இருபது ஆண்டுக்கு முந்தையதைப் போலத்தான் இருக்கும். அதனால் வேலைக்குக் குறைவில்லை. வின்ரார் மென்பொருளும் நல்லதே. அதை 40 நாள் சோதித்துப் பார்க்கலாம், பிறகு விலை கொடுத்து வாங்க வேண்டும். கெடு தாண்டினாலும் அது நின்றுவிடுவதில்லை, வாங்கச் சொல்லி நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் தாராளம் உலகறிந்த நகைச்சுவையாகிவிட்டது. புதிதாக ரார் கோப்பு உருவாக்க வேண்டிய தேவை இருந்தால் ஒழிய, பிரிப்பதற்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை.

எதை நிறுவினாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 7-ஜிப்பின் தளமுகவரியில் 7க்கும் ஜிப்புக்கும் நடுவே ஒரு சிறு கோடு உண்டு, முடிவு டாட் ஆர்க். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகளும், தரவிறக்கம் என்று பெரிய பச்சைப் பொத்தான் வைத்திருக்கும் இடைத்தரகுத் தளங்களும் வேண்டவே வேண்டாம்.

நிறுவிய பின், கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் 7-ஜிப் என்ற வரி தெரியும். விண்டோஸ் 11இல் அது தெரியாவிட்டால் முதலில் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். உள்ளே மூன்று வாய்ப்புகள் கவனத்திற்குரியவை. எக்ஸ்ட்ராக்ட் ஹியர் என்பது இருக்கும் இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும். எக்ஸ்ட்ராக்ட் டு என்பதற்குப் பின் கோப்பின் பெயர் வந்தால், அந்தப் பெயரில் புதிய ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்கும். எக்ஸ்ட்ராக்ட் ஃபைல்ஸ் என்பது இடத்தை நாமே தேர்ந்தெடுக்க. பழகும் வரை எக்ஸ்ட்ராக்ட் டு என்பதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். முன்னூறு கோப்புகள் கொண்ட தொகுப்பை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எக்ஸ்ட்ராக்ட் ஹியர் கொடுத்துக் கொட்டிவிட்டால், ஏற்கெனவே அங்கு இருந்தவை எவை, புதிதாக வந்தவை எவை என்று பொறுக்கிப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

மேக், லினக்ஸ்

மேக் கணினியில் இருமுறை கிளிக் செய்தாலே பிரித்தெடுத்துவிடும். அருகிலேயே புதிய ஃபோல்டர் தோன்றும். விண்டோஸைப் போல எட்டிப் பார்க்கும் குழப்பம் அங்கே இல்லை. சஃபாரி உலாவி இன்னும் ஒரு படி முன்னே போய், இறக்கியதும் ஜிப்பைத் தானே பிரித்துவைக்கக்கூடும். இறக்கிய ஜிப்பைக் காணோமே என்று தேடுபவர்கள், அதே பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கவும். அது பிடிக்காவிட்டால், சஃபாரியின் பொது அமைப்புகளில், இறக்கிய பின் பாதுகாப்பான கோப்புகளைத் திறக்கச் சொல்லும் வரியின் குறியை எடுத்துவிடலாம். ரார் கோப்புக்கு மட்டும் தி அன்ஆர்க்கைவர் அல்லது கேகா என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

மேக்கில் கட்டிய ஜிப்பை விண்டோஸில் பிரித்தால், அடிக்கோடுகளில் தொடங்கி மேக் ஓஎஸ்எக்ஸ் என்று பெயர் கொண்ட ஒரு ஃபோல்டர் கூடவே வரும். வைரஸ் அல்ல. மேக் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகள் அதில் இருக்கின்றன, அழித்துவிடலாம்.

லினக்ஸில் வலது கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஹியர் கொடுத்தால் போதும். அங்கே பெரும்பாலான கோப்பு மேலாளர்கள், உள்ளே பல கோப்புகள் இருந்தால் தாமாகவே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்கின்றன.

செல்பேசியில்

ஆண்ட்ராய்டில், கூகுள் ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய் ஜிப்பைத் தொடுங்கள். உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டு, எக்ஸ்ட்ராக்ட் பொத்தானைக் காட்டும். முடிந்ததும் மூல ஜிப்பை நீக்கவா என்று கேட்கும். பிரித்தவை சரியாக இருக்கின்றன என்று உறுதியாகும் வரை நீக்க வேண்டாம். செல்பேசி நிறுவனங்கள் தம் கருவிகளோடு தரும் கோப்புச் செயலிகளிலும் இந்த வசதி இருப்பதுண்டு. ரார், 7இசட் வகைகளுக்கு இசட்ஆர்க்கைவர் என்ற செயலி பலராலும் பயன்படுத்தப்படுகிறது. வின்ரார் தயாரிப்பாளர்களே வெளியிடும் ரார் செயலியும் இருக்கிறது.

ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியே ஜிப்பைப் பிரிக்கிறது. கோப்பை ஒருமுறை தொட்டால் அதன் பக்கத்திலேயே ஃபோல்டர் உருவாகிவிடும். இறக்கிய கோப்பு ஐகிளவுட் டிரைவின் டவுன்லோட்ஸில் இருக்கிறதா, ஐபோனிலேயே இருக்கும் டவுன்லோட்ஸில் இருக்கிறதா என்பதுதான் அங்கே பலரையும் அலையவைக்கும் கேள்வி, இரண்டிலும் தேடுங்கள்.

செல்பேசியில் பிரித்தால் எல்லாமே பயன்பட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் மென்பொருள் ஒன்று உள்ளே இருந்தால் செல்பேசி அதைப் பிரிக்கும், ஓட்டாது.

துண்டு துண்டாக வந்தால்

பெரிய தொகுப்புகள் பார்ட்1, பார்ட்2, பார்ட்3 என்றோ, 001, 002, 003 என்றோ எண்ணிட்டு வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முயல்வது வீண். எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். எந்தப் பெயரையும் மாற்றாதீர்கள். முதல் துண்டை மட்டும் பிரியுங்கள். மற்றவற்றை மென்பொருள் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டு குறைந்தாலும் கோப்பு முழுமையாகாது. ஒரே துண்டை இருமுறை இறக்கியதால் பெயரின் இறுதியில் உலாவி அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்திருந்தால், அந்தப் பெயரை மென்பொருளால் அடையாளம் காண முடியாது. அதை மட்டும் பழையபடி திருத்திக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் கேட்டால்

இறக்கிய பக்கத்திலேயே, பெரும்பாலும் தரவிறக்க இணைப்புக்கு மேலோ கீழோ, கடவுச்சொல் எழுதியிருக்கும். தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டும்போது முன்னும் பின்னும் இடைவெளி சேர்ந்துவிடாமல் பாருங்கள். சரியான சொல்லைக் கொடுத்தும் விண்டோஸ் ஏற்க மறுத்தால், அந்த ஜிப் ஏஇஎஸ் முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸின் சொந்த வசதி பழைய பூட்டு முறையை மட்டுமே அறிந்தது. 7-ஜிப்பில் அதே கடவுச்சொல் வேலை செய்யும். ஜிப்பில் இன்னொரு வினோதம், உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் பூட்டப்படுவதில்லை. கடவுச்சொல் தெரியாமலே பட்டியலைப் பார்க்கலாம், கோப்புகளைத்தான் எடுக்க முடியாது. அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டாலே, இது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.

கடவுச்சொல் எங்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதைத் தெரிந்துகொள்ள வேறொரு தளத்தில் கருத்துக்கணிப்பு நிரப்பச் சொல்வதும், ஒரு செயலியை நிறுவச் சொல்வதும் மோசடி.

பிழைச்செய்தி வந்தால்

கோப்பு சிதைந்துள்ளது, இது செல்லாத ஜிப் என்கிற பொருளில் வரும் செய்திகளுக்குப் பெரும்பாலும் காரணம் பாதியில் அறுந்த தரவிறக்கம். ஜிப் வடிவத்தில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. 99 விழுக்காடு வந்து, கடைசித் துளி வராமல் போனாலும் பட்டியல் இல்லாததால் முழுக் கோப்பும் திறக்க மறுக்கும். 7-ஜிப்பில் அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா என்று வருவதும் இந்த வகைதான். பழுதுபார்க்கும் மென்பொருள்களைத் தேடி அலைவதைவிட மறுபடி இறக்குவது எளிது. ரார் வடிவத்தில் ஒவ்வொரு கோப்பின் விவரமும் அந்தந்தக் கோப்புக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கும். அதனால் பாதி வந்த ராரில் முன்பகுதிக் கோப்புகளை மீட்க வாய்ப்பு உண்டு.

சிஆர்சி என்ற சொல்லோடு ஒரு செய்தி வந்தால், பட்டியல் சரியாக இருக்கிறது, உள்ளே ஏதோ ஒரு கோப்பு மட்டும் வழியில் கெட்டிருக்கிறது என்று பொருள். கட்டும்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் பதிவாகிறது. பிரிக்கும்போது அது ஒத்துப்போகவில்லை. பல துண்டுத் தொகுப்பாக இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்காமல், அளவு வேறுபடும் துண்டு எது என்று பார்த்து அதை மட்டும் இறக்கிப் பாருங்கள்.

பாதை நீளமாக இருக்கிறது என்று விண்டோஸ் முறையிட்டால், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் மொத்த முகவரி 260 எழுத்துகளைத் தாண்டியிருக்கும். சி டிரைவில் நேரடியாக இரண்டெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் பிரியுங்கள். பென் டிரைவில் பிரிக்கும்போது, இடம் தாராளமாக இருந்தும் பெரிய கோப்பு ஒன்று ஏறவில்லை என்றால், அந்த டிரைவ் ஃபாட்32 முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. கணினியிலேயே பிரித்துக்கொள்வது சுலபம்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் பிரித்த பின் குறியீடுகளும் கோடுகளுமாகக் குழம்பித் தெரிவது இன்னொரு தொல்லை. ஜிப் விதிமுறையில் யூனிகோட் பெயர்களுக்கு இடம் கிடைத்தது 2006இல்தான். பழைய மென்பொருள்கள் கட்டிய கோப்புகளில் இது நேர்கிறது. பெயர்தான் கெட்டிருக்கும், உள்ளடக்கம் நன்றாகவே இருக்கும். 7-ஜிப் கொண்டு மறுபடி பிரித்துப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் பெயரை நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எதைப் பிரிக்கக் கூடாது

சுருக்கப்பட்ட கோப்பு தன்னளவில் ஆபத்தானதல்ல. உள்ளிருந்து நாம் இயக்கும் கோப்பால்தான் பெரும்பாலும் ஆபத்து வருகிறது. பிரித்ததும் எதையும் கிளிக் செய்யாமல், பெயர்களை ஒருமுறை கடைசி எழுத்து வரை படியுங்கள். மின்னூல் என்று சொல்லித் தந்த தொகுப்பில் பிடிஎஃப் இருக்கலாம், இபப் இருக்கலாம். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஏடி, ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே என்று முடியும் கோப்புக்கு அங்கே வேலை இல்லை. இருந்தால் முழுத் தொகுப்பையும் அழித்துவிடுங்கள். பிடிஎஃப் என்று எழுதி, அதன் பின்னால் இஎக்ஸ்இ சேர்த்து, பிடிஎஃப் சின்னத்தையும் ஒட்டிவைப்பது மிகப் பழைய தந்திரம். எக்ஸ்டென்ஷன் மறைந்திருக்கும் கணினியில் இது அச்சு அசலாக ஆவணம் போலவே தெரியும். முன்னால் அந்த அமைப்பை மாற்றச் சொன்னது இதற்காகத்தான்.

மின்னஞ்சலில் எதிர்பாராமல் வரும், கடவுச்சொல் போட்ட ஜிப்பைச் சந்தேகத்தோடு பாருங்கள். அதுவும் கடவுச்சொல் அதே மின்னஞ்சலில் எழுதப்பட்டிருந்தால். பூட்டின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுபவருக்கு ரகசியம் காப்பது நோக்கமாக இருக்க முடியாது. வைரஸ் சோதனை மென்பொருள் உள்ளே பார்க்க முடியாமல் செய்வதே அங்கு நோக்கமாக இருக்கும். வைரஸ் காவலை நிறுத்திவிட்டு இதைப் பிரியுங்கள் என்று குறிப்பு வைத்திருக்கும் தொகுப்பும் அப்படித்தான்.

பிரிக்கும் மென்பொருளிலும் ஓட்டைகள் வருவதுண்டு. வின்ராரில் 2023இல் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது: தொகுப்பைத் திறந்து உள்ளே தெரியும் படத்தையோ எழுத்துக் கோப்பையோ கிளிக் செய்தாலே, மறைத்து வைத்த நிரல் ஓடிவிடும். 6.23 பதிப்பில் அதை அடைத்தார்கள். வின்ராரும் 7-ஜிப்பும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. எப்போதோ நிறுவியது அப்படியே இருக்கும். மென்பொருளின் ஹெல்ப் பகுதியில் பதிப்பு எண்ணைப் பார்த்து, தளத்தில் புதியது இருந்தால் மேலேயே நிறுவிக்கொள்ளுங்கள்.

இன்னொரு அமைப்பும் உண்டு. இணையத்திலிருந்து வந்த கோப்பின் மேல் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை இடுகிறது; அதை வைத்துத்தான் இயக்கும் முன் எச்சரிக்கிறது. விண்டோஸின் சொந்த எக்ஸ்ட்ராக்ட் ஆல் இந்தக் குறியைப் பிரித்த கோப்புகளுக்கும் கடத்துகிறது. 7-ஜிப்பில் 2022இல் வந்த 22.00 பதிப்பில்தான் இந்த வசதி சேர்ந்தது, அதுவும் அணைத்து வைக்கப்பட்ட நிலையில். 7-ஜிப்பைத் திறந்து, டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாகப் போய், 7-ஜிப் என்ற தாளில், ப்ரோபகேட் ஜோன் ஐடி ஸ்ட்ரீம் என்பதற்கு எதிரே யெஸ் (ஆம்) என்று வையுங்கள்.

மிகச் சிறிய ஜிப் ஒன்று பிரியத் தொடங்கி, முடிவே இல்லாமல் வட்டை நிரப்பிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். 42 ஜிப் என்று பெயர்பெற்ற ஒரு விஷமக் கோப்பின் அளவு வெறும் 42 கேபி. அடுக்கடுக்காக முழுதும் பிரித்தால் சுமார் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி ஆகும். இன்று வைரஸ் காவல் மென்பொருள்கள் இதை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்கின்றன.

எதையும் நிறுவாமல் இணையத்திலேயே பிரித்துத் தரும் தளங்களும் உள்ளன. எழுத்துருத் தொகுப்புக்கு அது பரவாயில்லை. அடையாள ஆவணங்களையோ வங்கி அறிக்கைகளையோ முன்பின் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, பிறகு கவலைப்பட்டுப் பயனில்லை.

பிரித்த பிறகு

உள்ளே ரீட்மீ என்ற கோப்பு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். நிறுவும் முறை, கடவுச்சொல், உரிம நிபந்தனை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எழுத்துருத் தொகுப்பு என்றால், டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, இன்ஸ்டால் கொடுங்கள். எழுத்துரு விண்டோஸின் சொந்த ஃபோல்டருக்கு நகலாகிவிடுவதால், பிரித்த ஃபோல்டரையும் ஜிப்பையும் பிறகு நீக்கலாம். செட்அப் கோப்பு கொண்ட மென்பொருளுக்கும் அப்படியே.

நிறுவவே தேவையில்லாத, போர்ட்டபிள் என்று குறிப்பிடப்படும் மென்பொருள்களின் கதை வேறு. அங்கே பிரித்த ஃபோல்டர்தான் மென்பொருள். அதை டவுன்லோட்ஸிலேயே விட்டுவைத்தால், என்றாவது குப்பை கழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். பிரித்தவுடன் நிரந்தரமான ஓர் இடத்திற்கு நகர்த்திவிட்டு, அதன் பிறகு திரையில் குறுக்குவழிச் சின்னம் போட்டுக்கொள்ளுங்கள். சின்னத்தைப் போட்ட பின் ஃபோல்டரை நகர்த்தினால் சின்னம் வேலை செய்யாமல் போகலாம்.